கிரேடிலுக்கு மாறியதும் டெஸ்ட் கிளாஸ் எல்லாம் குற்றவாளி ஆகிவிட்டது – எதை அடக்குவது, எதை விடுவது?

பூமண்டி | திங்கள், காலை 10.12

வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சில கமிஷன் கடைகளுக்கு நாங்கள் ஒரு கணக்கு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறோம். அண்ணா நகரில் ஒரு மாடி அறை, மொத்தம் நான்கு பேர். எழுதுவது ஜாவாவில், டெஸ்டுக்கு ஜேயூனிட் 5 (கோடைத் தானாகச் சோதிக்கும் கருவி). விவசாயி கொண்டுவரும் பூவின் எடை, அந்த நேரத்து விலை, கழிக்க வேண்டிய கமிஷன், கொடுத்த முன்பணம் என்று எல்லாவற்றையும் அது கணக்குப் போடும். மல்லி விலை காலை ஆறு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு வேறொன்று என்பதால் டெஸ்ட் மட்டும் நிறைய எழுதி வைத்திருக்கிறோம்.

கோடைக் கம்பைல் செய்து, டெஸ்ட் ஓட்டி, தொகுத்துக் கொடுக்கும் 'பில்டு' கருவி போன வாரம் வரை மேவன். இப்போது கிரேடிலுக்கு மாற்றினேன். கோடை ஓட்டாமலே படித்துக் குறை சொல்லும் பிஎம்டி என்ற கருவியின் விதிக் கோப்பை ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. ஆனால் பில்டு போட்டால் 214 எச்சரிக்கைகள், அதில் 190-க்கு மேல் டெஸ்ட் ஃபோல்டரில்!

சில மாதிரிகள்:

டெஸ்ட்பூதரவு என்று ஒரு கிளாஸ். டெஸ்டுகளுக்கு மாதிரிப் பட்டியல் செய்து கொடுப்பதுதான் அதன் வேலை. "டெஸ்ட் கிளாஸ், ஆனால் உள்ளே டெஸ்ட் இல்லை" என்கிறது. அது டெஸ்ட் கிளாஸே இல்லையே ஐயா.

"மல்லி" என்ற சொல் ஒரே கோப்பில் நான்கு முறைக்கு மேல் வருகிறதாம், கான்ஸ்டன்டாக மாற்று என்கிறது. பூக்கடை டெஸ்டில் மல்லி வராமல் வேறு என்ன வரும்?

ஒரு டெஸ்டில் ஒன்றுக்கு மேல் அசர்ட் (விடை சரியா என்று பார்க்கும் வரி) கூடாது என்கிறது. நிகரத் தொகை, கமிஷன், பாக்கி மூன்றையும் ஒரே பில்லில் சரிபார்க்கிறேன், அது தப்பா?

அப்புறம் டெஸ்ட் மெத்தட் பெயர்களை நாங்கள் தமிழிலேயே வைத்திருக்கிறோம். அத்தனையும் பெயர் விதியை மீறியதாகக் காட்டுகிறது.

ஒவ்வொரு வரியிலும் 'நோபிஎம்டி' (இந்த வரியை விட்டுவிடு) என்ற கமென்ட் போட ஆரம்பித்து அறுபதாவதில் கை ஓய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் புதுப் பதிப்பு போயாக வேண்டும், அடுத்த வாரம் தொடர்ந்து முகூர்த்த நாட்கள். டெஸ்ட் ஃபோல்டரை மட்டும் வாயடைக்க வழி உண்டா?

---

கூடல்நகர் | திங்கள், காலை 10.40

உங்கள் விதிக் கோப்பு மாறவில்லை என்பது சரிதான். யாரைப் பார்க்கிறது என்பதுதான் மாறிவிட்டது.

மேவனின் பிஎம்டி பிளகின், நீங்களாகக் கேட்டாலொழிய டெஸ்ட் ஃபோல்டர் பக்கம் போகாது. 'இன்க்ளூட் டெஸ்ட்ஸ்' என்ற அமைப்பு அதில் இயல்பாகவே 'இல்லை'. செக்ஸ்டைல் என்ற இன்னொரு சோதனைக் கருவியின் மேவன் பிளகினும் அப்படித்தான். கிரேடில் வேறு ஜாதி. சோர்ஸ் செட் (மெயின் கோடு, டெஸ்ட் கோடு போன்ற தொகுதி) ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டாஸ்க் போட்டுவிடும்: பிஎம்டிமெயின், பிஎம்டிடெஸ்ட். 'செக்' என்று தட்டினால் இரண்டும் ஓடும், இரண்டுக்கும் அதே விதிக் கோப்பு. ஆக அந்த 190-ம் இத்தனை வருடமும் இருந்தவைதான். இப்போதுதான் லைட் போட்டுப் பார்க்கிறீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். கிரேடிலில் உங்கள் கோப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது. 'ரூல்செட்ஸ்' பட்டியலைக் காலி செய்யவில்லை என்றால் அதன் இயல்பான 'எரர்ப்ரோன்' தொகுப்பும் கூடவே ஓடும். "மல்லி" எச்சரிக்கையும், "டெஸ்ட் இல்லை" எச்சரிக்கையும் அந்தத் தொகுப்பில் உள்ளவை. நீங்கள் கூப்பிடாமலே வந்த விருந்தாளிகளாக இருக்கலாம்.

---

சிம்மக்கல் | திங்கள், காலை 11.05

இதற்கா இவ்வளவு யோசனை? பிஎம்டிடெஸ்ட் டாஸ்க்கை அணைத்துவிட்டு வெள்ளிக்கிழமை பதிப்பைக் கொடுங்கள். டெஸ்ட் கோடு கடைக்காரர் கைக்குப் போகப் போவதில்லை. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் கோலம் சரியில்லை என்று யாராவது சண்டை போடுவார்களா?

---

பூமண்டி | திங்கள், காலை 11.20

@கூடல்நகர் அண்ணே, நீங்கள் சொன்னதுதான். ரூல்செட்ஸைக் காலி செய்ததும் 214 என்பது 131 ஆகிவிட்டது. மல்லி எச்சரிக்கை போயே போய்விட்டது. "டெஸ்ட் இல்லை" மட்டும் எங்கள் கோப்பிலும் இருக்கிறது, அதனால் அது நிற்கிறது.

@சிம்மக்கல் எனக்கும் அந்த ஆசைதான். எங்கள் கூட்டாளி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

---

குன்றத்து வாத்தியார் | திங்கள், மதியம் 1.30

கூட்டாளி சொல்வதைக் கேளுங்கள் தம்பி. அணைப்பது ஒரு வரி வேலை, எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். அதற்கு முன்னால், இந்தக் கருவி ஒரு கிளாஸை 'இது டெஸ்ட்' என்று எதை வைத்து முடிவு செய்கிறது என்று பாருங்கள். பொய் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன.

கருவிக்குத் தெரிந்த அடையாளங்கள் மூன்றுதான். கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது ஒன்று, கிளாஸின் பெயர் இன்னொன்று, மெத்தட் மேல் என்ன அனோட்டேஷன் (அடையாளக் குறிப்பு) ஒட்டியிருக்கிறது என்பது மூன்றாவது. ஆள் யார் என்று அதற்குத் தெரியாது, சட்டையைப் பார்த்துச் சொல்கிறது.

உங்கள் டெஸ்ட்பூதரவு பெயரால் மாட்டிக்கொண்டது. பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்கினாலும், 'டெஸ்ட்', 'டெஸ்ட்ஸ்', 'டெஸ்ட்கேஸ்' என்று முடிந்தாலும் அந்த விதிக்கு அது டெஸ்ட் கிளாஸ். இதை யாரும் சும்மா உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. மேவனில் டெஸ்டை ஓட்டும் ஷூர்ஃபயர் பிளகின் எந்தக் கிளாஸ்களை டெஸ்டாக எடுக்கிறது? கிட்டத்தட்ட இதே பெயர் வடிவங்களைத்தான். ஆக "இந்தப் பெயரைப் பார்த்து ஓட்டுபவன் டெஸ்ட் என்று எடுப்பான், உள்ளே ஒன்றும் இல்லையே" என்று கேட்பது நியாயமான கேள்வி. உங்களுக்கு வழி இரண்டு. பெயரைப் பூதரவுமாதிரி என்று மாற்றுங்கள், அல்லது விதியின் 'டெஸ்ட் கிளாஸ் பேட்டர்ன்' பண்பை உங்கள் வழக்கத்துக்கு ஏற்றபடி இறுக்குங்கள். நான் என்றால் பெயரைத்தான் மாற்றுவேன்.

அனோட்டேஷனால் வரும் குழப்பம் வேறு மாதிரி. அசர்ட் இல்லாத டெஸ்ட் என்று ஒரு விதி உண்டு. பழைய பெயரில் 'ஜேயூனிட் டெஸ்ட்ஸ் ஷுட் இன்க்ளூட் அசர்ட்', பிஎம்டி 7 வரிசையில் 'யூனிட் டெஸ்ட்' என்று பெயர் மாறியது. மெத்தட் மேல் டெஸ்ட் அனோட்டேஷனைப் பார்த்ததும் உள்ளே 'அசர்ட்', 'ஃபெயில்' போன்ற பெயர் கொண்ட அழைப்பைத் தேடும். நீங்கள் 'பில்சரிபார்' என்று சொந்தமாக ஒரு துணை மெத்தட் எழுதி அதற்குள் அசர்ட்டை வைத்திருந்தால், கருவி அதற்குள் எட்டிப் பார்க்காது. கூடுதல் அசர்ட் மெத்தட் பெயர்களைக் கொடுக்க அந்த விதியில் ஒரு பண்பு இருக்கிறது. அங்கே 'பில்சரிபார்' என்று எழுதினால் அடங்கிவிடும்.

மிச்சம் இருப்பவை பொய் எச்சரிக்கையே இல்லை, ரசனை வேறுபாடு. ஒரு டெஸ்டுக்கு ஒரே அசர்ட் என்பது அந்த விதியின் இயல்பான எண், 3 என்றோ 5 என்றோ மாற்றிக்கொள்ளலாம். நான் அந்த விதியை வைத்துக்கொள்வதே இல்லை. ஒரு பில்லின் மூன்று தொகையைப் பார்க்க மூன்று டெஸ்ட் எழுதச் சொன்னால் பிள்ளைகள் டெஸ்டையே எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

முடிவாக, டெஸ்டுக்கென்று தனி விதிக் கோப்பு ஒன்று எழுதி பிஎம்டிடெஸ்ட் டாஸ்க்குக்கு மட்டும் கொடுங்கள். ஒன்று கவனம்: விதிக் கோப்பில் 'எக்ஸ்க்ளூட் பேட்டர்ன்' எழுதினால் அந்தக் கோப்பு முழுவதற்கும் பொருந்தும், ஒரு விதிக்கு மட்டும் பொருந்தாது. ஒரு விதியை மட்டும் சில இடங்களில் அடக்க வேண்டுமானால் அந்த விதிக்குள் எழுதும் 'வயலேஷன் சப்ரஸ்' பண்புகள்தான் வழி.

---

பூமண்டி | திங்கள், மாலை 4.50

ஐயா, மிக்க நன்றி. தனிக் கோப்பு போட்டாயிற்று. தமிழ்ப் பெயர்தான் மடக்குகிறது. மெத்தட் பெயர் விதியில் ஜேயூனிட் 5 டெஸ்டுக்கென்று தனி பேட்டர்ன் பண்பு இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதில் ஆங்கில எழுத்துக்குப் பதில் 'யூனிகோடு எழுத்து எதுவானாலும் சரி' என்று பொருள்படும் 'எல்' வகையைப் போட்டேன். 'மழை' தப்பிக்கவில்லை, 'மகசூல்' தப்பிக்கவில்லை. 'கடன' என்று சும்மா ஒன்றை எழுதிப் பார்த்தேன், அது மட்டும் தப்பித்தது!

---

கூடல்நகர் | திங்கள், மாலை 5.15

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். யூனிகோடில் 'க' எழுத்து வகை. ஆனால் புள்ளி, கால், கொம்பு எல்லாம் 'குறி' வகை, அதாவது 'எம்'. 'எல்' மட்டும் போட்டால் உயிரெழுத்திலும் அகர உயிர்மெய்யிலும் மட்டுமே எழுதப்பட்ட சொல்தான் தப்பும். எல், எம், எண் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஜாவா கம்பைலருக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை, பெயரின் நடுவே குறிகள் வர அது அனுமதிக்கிறது.

---

வடபழஞ்சி | திங்கள், இரவு 9.10

எட்டு வருடமாக இந்தத் தலைவலியோடு குடும்பம் நடத்துகிறேன், நானும் கொஞ்சம் கொட்டிவிட்டுப் போகிறேன். எங்கள் இடத்தில் மேவன், கூடவே சோனார்கியூப், ஸ்பாட்பக்ஸ் என்ற இரண்டு கோடு சோதனைக் கருவிகளும் உண்டு.

சோனாரில் வரும் டெஸ்ட் புகார்களில் முக்கால்வாசிக்குக் காரணம் ஒரே ஒரு அமைப்புதான். 'சோர்ஸஸ்' என்று ஒரு பாதை, 'டெஸ்ட்ஸ்' என்று ஒரு பாதை. யாராவது சோர்ஸஸில் முழு ஃபோல்டரையும் கொடுத்துவிட்டால் டெஸ்ட் கோடும் மெயின் கோடாகக் கணக்காகிவிடும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம் சொல்கிறேன்: "புரொடக்ஷன் கோடில் அசர்ஷன் பயன்படுத்தக் கூடாது" என்ற விதி (எஸ் 5960) உங்கள் டெஸ்ட் கோப்பில் வந்தால், விதியைத் திட்டாதீர்கள், பாதையைத் திருத்துங்கள். ஒரு முறை இதைத் தெரியாமல் ஒருவர் 400 புகாருக்கும் 'பொய் எச்சரிக்கை' என்று கையால் டிக் அடித்துக்கொண்டிருந்தார், பாவம்.

ஸ்பாட்பக்ஸ் கதை இதைவிட மோசம். ஜேயூனிட் 5-ல் 'நெஸ்டட்' என்று உள் கிளாஸ் வைத்து டெஸ்டுகளைப் பிரிக்கலாம். அந்த உள் கிளாஸ் ஸ்டேட்டிக்காக (வெளிக் கிளாஸோடு ஒட்டாமல்) இருக்கக் கூடாது, அது ஜேயூனிட்டின் கட்டாயம். ஆனால் ஸ்பாட்பக்ஸ் வந்து "வெளிக் கிளாஸை இது தொடவே இல்லையே, ஸ்டேட்டிக் ஆக்கு" என்று சொல்லும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் ஸ்டேட்டிக் ஆக்கிவிட்டார். கம்பைல் ஆனது. பில்டு பச்சை. எச்சரிக்கை பூஜ்யம். எல்லோரும் கை தட்டினோம்.

மூன்று வாரம் கழித்துத்தான் டெஸ்ட் எண்ணிக்கை குறைந்திருப்பதை ஒருவர் கவனித்தார். ஸ்டேட்டிக் ஆனதும் ஜேயூனிட் அவற்றை நெஸ்டட் என்று எடுக்கவில்லை. உள் கிளாஸ்களை ஷூர்ஃபயர் தனியாகத் தேடிப் போவதும் இல்லை. அத்தனை டெஸ்டும் சத்தம் போடாமல் தூங்கிவிட்டன. அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, கருவி சொன்னதைத்தான் செய்தார். அதன்பிறகு ஸ்பாட்பக்ஸின் விலக்குக் கோப்பில் அந்த ஒரு விதியை டெஸ்ட் கிளாஸ்களுக்கு மட்டும் நீக்கிவிட்டோம்.

அதனால் @சிம்மக்கல், எச்சரிக்கையை அடக்குவது ஆபத்து என்று சொல்ல வரவில்லை. எங்களைக் கவிழ்த்தது அடக்காமல் விட்டதுதான்.

---

சிம்மக்கல் | திங்கள், இரவு 9.45

அக்கா, நான் சொன்னதற்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்! டெஸ்ட் கோடு பக்கம் கருவியை விட்டதால்தானே இந்த வம்பு?

நான் பைத்தான் ஆள். பாதுகாப்பு பார்க்கும் பேண்டிட் என்ற கருவியில் 101-ஆம் விதி என்ன சொல்கிறது தெரியுமா? 'அசர்ட்' பயன்படுத்தாதே என்கிறது. மெயின் கோடில் அது சரி, பைத்தானை '-ஓ' போட்டு ஓட்டினால் அசர்ட் எல்லாம் காணாமல் போய்விடும். ஆனால் பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்டில் டெஸ்ட் எழுதுவதே அசர்ட்டால்தான். சாம்பார் வைக்கிற இடத்தில் பருப்பு கூடாது என்கிற கதை. பைலின்ட் என்ற கோடு சோதனைக் கருவி இன்னும் மேல். ஃபிக்ஸ்சரின் (டெஸ்டுக்கு வேண்டியதைத் தயார் செய்து கொடுக்கும் ஃபங்ஷன்) பெயரை டெஸ்டின் அளபுருவாக எழுதினால் "வெளியே இருக்கும் பெயரை மறுபடி வரையறுக்கிறாய்" என்று கத்தும். ஃபிக்ஸ்சர் வேலை செய்வதே அப்படித்தான்.

---

வடபழஞ்சி | திங்கள், இரவு 10.00

தம்பி, அதற்காக டெஸ்ட் ஃபோல்டரையே விலக்க வேண்டியதில்லை. ரஃப் என்ற பைத்தான் சோதனைக் கருவியில் 'கோப்புவாரி விலக்கு' இருக்கிறதே, டெஸ்ட் ஃபோல்டருக்கு எஸ் 101 (நீங்கள் சொன்ன அதே அசர்ட் விதி) மட்டும் என்று ஒரு வரி. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதும் ஆட்களும் இதையே எடிட்டர்கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் செய்கிறார்கள். பெயரில் அடிக்கோடு கூடாது என்ற சிஏ 1707-ஐ டெஸ்ட் ஃபோல்டரில் மட்டும் அணைத்து வைப்பார்கள், டெஸ்ட் பெயரெல்லாம் அடிக்கோடு போட்டு நீளமாக எழுதுவதுதான் அவர்கள் வழக்கம்.

டெஸ்டுக்கென்றே பிறந்த விதிகளும் உண்டு. அசர்ட் இல்லாத டெஸ்ட், டெஸ்டுக்குள் 'ஸ்லீப்' போட்டுக் காத்திருப்பது, இதெல்லாம் மெயின் கோடில் பார்த்து என்ன பயன்? டெஸ்ட் பக்கம் கருவியே வேண்டாம் என்றால் இவையும் போய்விடும்.

---

சிம்மக்கல் | திங்கள், இரவு 10.08

யோசிக்கிறேன். ஒத்துக்கொள்ளவில்லை, யோசிக்கிறேன்.

---

பூமண்டி | புதன், காலை 7.30

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேற்று இரவு தூக்கம் இல்லை.

"டெஸ்ட் கிளாஸ், உள்ளே டெஸ்ட் இல்லை" என்ற எச்சரிக்கை மொத்தம் ஆறு கிளாஸ்களில் இருந்தது. வாத்தியார் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டே வந்தேன். ஐந்து மாதிரித் தரவு கிளாஸ்கள். ஆறாவது கிளாஸின் பெயர் காசுமுழுமையாக்கல்டெஸ்ட். அதற்கும் கை பழக்கத்தில் பெயர் மாற்றப் போனேன். திறந்தால் உள்ளே ஏழு மெத்தட், ஏழிலும் அசர்ட். அப்புறம் எப்படி 'டெஸ்ட் இல்லை'?

ஏழிலும் டெஸ்ட் அனோட்டேஷன் இல்லை.

பழைய வரலாற்றைத் தோண்டினேன். ஆதியில் அது ஜேயூனிட் 3 பாணியில் எழுதியது. அந்தப் பாணியில் 'டெஸ்ட்கேஸ்' கிளாஸை நீட்டித்து, மெத்தட் பெயரை 'டெஸ்ட்' என்று தொடங்கினால் போதும், அனோட்டேஷன் வேண்டியதில்லை. ஜேயூனிட் 5-க்கு மாறும்போது யாரோ (நான்தான், வரலாறு என் பெயரைக் காட்டுகிறது) அந்த நீட்டிப்பை எடுத்துவிட்டு, அசர்ட்டுக்கு இம்போர்ட் சேர்த்து, கம்பைல் ஆனதும் போய்விட்டேன். இரண்டு வருடமாக அந்த ஏழும் ஓடவே இல்லை.

அனோட்டேஷன் போட்டு ஓட்டினேன். ஐந்து பாஸ், இரண்டு ஃபெயில்.

இரண்டும் ஒரே நோய். 1.005 ரூபாயைக் காசுக்கு முழுமையாக்கினால் 1.01 வர வேண்டும் என்று டெஸ்ட் சொல்கிறது, எங்கள் கோடு 1.00 தருகிறது. 'டபுள்' எண்ணை (தசமத்தைத் தோராயமாகச் சேமிக்கும் வகை) அப்படியே பிக்டெசிமல் (தசமத்தைத் துல்லியமாகச் சேமிக்கும் வகை) கன்ஸ்ட்ரக்டருக்குள் கொடுத்திருக்கிறோம். டபுளில் 1.005 என்பது உண்மையில் 1.00499999… என்றுதான் உட்கார்ந்திருக்கிறது, அதனால் கீழே இறங்கிவிட்டது. 'வேல்யூஆஃப்' வழியாக மாற்றியதும் (அது 1.005 என்று எழுதிக்காட்டும் வடிவத்தையே எடுக்கும்) இரண்டும் பாஸ்.

ஒரு பில்லுக்கு ஒரு காசு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் கடைக்காரர் ஒருவர் ஆறு மாதமாக "மாசக் கடைசியில் சில ரூபா இடிக்குதுப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் அவர் நோட்டில்தான் கூட்டல் தப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். இன்று காலை மார்க்கெட்டுக்குப் போய் நேரில் சொல்லிவிட்டு வந்தேன். திட்டவில்லை. ஒரு முழம் மல்லி கொடுத்து அனுப்பினார், அதுதான் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

---

குன்றத்து வாத்தியார் | புதன், காலை 8.15

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. பிக்டெசிமல் கன்ஸ்ட்ரக்டருக்குள் தசம எண்ணை நேரடியாக எழுதினால் எச்சரிக்கும் விதி பிஎம்டியிலேயே உண்டு. உங்கள் கோடில் எண்ணை எழுதாமல் ஒரு வேரியபிளைக் கொடுத்திருப்பீர்கள், அதனால் அதன் கண்ணில் படவில்லை. மெயின் கோடைப் பார்க்கும் விதி கோட்டைவிட்டதை, நீங்கள் வாயடைக்க நினைத்த டெஸ்ட் விதி சுற்றிவந்து பிடித்திருக்கிறது.

ஜேயூனிட் 3-லிருந்து வந்த கிளாஸ் வேறு இருக்கிறதா என்று ஒரு தேடல் போட்டுவிடுங்கள். 'டெஸ்ட்' என்று தொடங்கும் மெத்தட், மேலே அனோட்டேஷன் இல்லை. அதற்கும் தனி விதி இருக்கிறது.

---

பூமண்டி | புதன், காலை 8.40

போட்டேன் ஐயா. இன்னும் ஒன்று இருந்தது. நல்லவேளை, அது பாஸ்.

---

கூடல்நகர் | புதன், காலை 9.20

தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு கொசுறு. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாக. திரையில் ஒன்றுபோலவே தெரியும், ஜாவாவுக்கு இரண்டும் வேறு பெயர். வெவ்வேறு கீபோர்டில் தட்டினால் 'கொள்முதல்' என்று இரண்டு மெத்தட் ஒரே கிளாஸில் நிம்மதியாக வாழும். மெத்தட் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழை 'டிஸ்ப்ளே நேம்' அனோட்டேஷனுக்குள் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, பெயர் விதியும் கத்தாது. விண்டோஸில் ஜாவா 18-க்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் கம்பைலருக்கு யூடிஎஃப்-8 என்று சொல்லிவைக்க மறக்காதீர்கள்.

---

வடபழஞ்சி | புதன், காலை 9.50

டிஸ்ப்ளே நேம்தான் என் ஓட்டும். ரிப்போர்ட்டில் "முகூர்த்த நாளில் முன்பணம் கழித்த பாக்கி" என்று தமிழில் வந்தால் கடைக்காரரிடமே காட்டலாம்.

---

சிம்மக்கல் | வியாழன், இரவு 11.30

யோசித்தேன்.

எங்கள் ப்ராஜெக்டில் பைத்தான் தவிர ஒரு சின்ன ஜாவா சர்வீஸும் இருக்கிறது. அதில் பிஎம்டிடெஸ்ட்டை நான்தான் அணைத்து வைத்திருந்தேன். இன்று போட்டுப் பார்த்தேன். "உள்ளே டெஸ்ட் இல்லை" என்று மூன்று கிளாஸ். இரண்டு, தரவு கிளாஸ்கள்.

மூன்றாவதை இப்போதுதான் திறந்து வைத்திருக்கிறேன். பதினொரு மெத்தட் இருக்கிறது. @பூமண்டி, அந்த வேல்யூஆஃப் விஷயத்தை மறுபடி ஒரு தடவை விளக்க முடியுமா?